விருந்தும் நடுவுநிலையும்

அயல்நாடு சென்று திரும்பியவரைப் பார்த்து, "அந்நாட்டு மக்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று கேட்பது எங்கும் உள்ள வழக்கம். பல்லாண்டுகள் அங்கே வாழ்ந்தவராயின் சற்றுத் தயங்கித்தான் விடை கூறுவார். நான்கு வாரங்கள் மட்டும் தங்கி வந்தவர் பெரும்பாலும் தயங்குவதில்லை. இத்தயக்கமின்மை இளமையின் சிறு குறையென்று நகைத்து விட்டுவிடத் தக்கதா, அன்றி அறத்தின்பாற்பட்ட வினா ஏதேனும் அதனுள் மறைந்து கிடக்கின்றதா? இரண்டாவதே உண்மை என்று எண்ணுகின்றேன்.

நம் மாணவர்கள் பல்கலைக்கழக விடுமுறையில் வெளிநாடு சென்று, மூன்று வாரமோ ஆறு வாரமோ தங்கிப் பயின்று வருவது இன்று பெருகியுள்ளது. அதனைக் 'கோடைக்கால வகுப்பு' என்கின்றனர். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்குக் கோடை ஏது, குளிர் ஏது? ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை. பிறர் நாட்டுப் பருவத்தைக் கணக்கிட்டு நாம் பெட்டி கட்டுகின்றோம். அது நிற்க. காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் அருங்காட்சியகம், சனிக்கிழமைகளில் சுற்றுலா, இரவில் ஒரு குடும்பத்தாரோடு உணவு என்பதே இவ்வகுப்புகளின் பொதுவான அமைப்பு. அயலார் வீட்டு உணவு மேசையில் கற்கும் மொழி நூலில் கற்கும் மொழியினும் விரைந்து நாவில் ஏறும் என்பதில் ஐயமில்லை.

என் மாணவி ஒருத்தி ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அத்தகைய வகுப்பொன்றில் பயின்று வந்தாள். 1386ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் அங்கே உள்ளது. இன்றைய ஜெர்மனியில் அதுவே மிகப் பழைமையானது. ஆகஸ்டு மாதத்தில் அயல்நாட்டு மாணவர்க்கென அது மொழி வகுப்பு நடத்துகின்றது. நெக்கார் ஆறு, அதன் குறுக்கே பழைய கற்பாலம், குன்றின்மேல் சிதைந்த கோட்டை எனக் கண்ணுக்கு விருந்தான ஊர். திரும்பி வந்தபின் மாணவர் கூட்டமொன்றில் அவள் பேசினாள். ஜெர்மானியர் காலந்தவறாதவர், வாய்மை மிக்கவர், விருந்தினரைப் போற்றுபவர் என்றாள். சான்றும் காட்டினாள். அவள் வெள்ளிக்கிழமைகளில் புலால் உண்ணாள் என்றறிந்த வீட்டு அம்மையார், நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் அவளுக்கெனப் பருப்புச் சாறு தனியே சமைத்தாராம். ஒருமுறை தவறவிட்ட குடையைப் பேருந்து ஓட்டுநர் மறுநாள் எடுத்துக் கொடுத்தாராம்.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் ஓர் அம்மையாரும் ஓர் ஓட்டுநரும் எப்போது எட்டுக் கோடிப் பேராயினர்? சிலரைக் கண்டு பலரைப் பற்றி முடிவு கூறுதல் தருக்கப் பிழை என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அவளும் அறிவாள். அறிந்தும் ஏன் கூறினாள் என்பதே எண்ணத்தக்கது. அவள் ஓர் ஆய்வு முடிவை அறிவிக்கவில்லை, கடன் தீர்த்துக்கொண்டிருந்தாள். உண்ட வீட்டிற்கு விருந்தினன் திருப்பித் தரக்கூடியது புகழ் ஒன்றே. அப்புகழைத் தன் ஊரில், தன் மக்கள் முன்னிலையில், இயன்ற அளவு பெரிதாக்கித் தருகின்றான். அதனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சான்று கூறுவதை நன்றிக்கடன் தீர்க்கும் நாணயமாகச் செலவிடலாமா?

திருக்குறள் அதிகாரங்களின் வரிசையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் நன்று. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், அதனை அடுத்தது இனியவைகூறல், அதன்பின் செய்ந்நன்றியறிதல், அதற்கடுத்துப் பன்னிரண்டாவதாக நடுவு நிலைமை. கோடைக்கால மாணவன் ஒருவனின் நான்கு வாரங்களை யாரோ உடனிருந்து எழுதி வைத்ததுபோல் இருக்கின்றது. முதலில் விருந்து, பின்னர் இன்சொல், பின்னர் நன்றியுணர்வு, இறுதியில் நடுவுநிலைக்கு வரும் சோதனை. இவ்வரிசைக்குப் பரிமேலழகர் காரணமும் கூறியுள்ளார். நன்றி செய்தாரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே நடுவு நிலைமை செய்ந்நன்றியறிதலின்பின் வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நடுவுநிலையைக் கெடுப்பது பகையும் பொருளாசையும் என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். நன்றி என்னும் நற்பண்பே அதனைக் கெடுக்கவல்லது என்று கண்டதில்தான் அவ்வுரையாசிரியரின் நுட்பம் இருக்கின்றது. பகைமையால் கெட்டவன் தன் மனத்தில் சிறிதேனும் குற்ற உணர்வு கொள்வான். நன்றியால் கெட்டவன் தான் நல்லவன் என்றே எண்ணிக்கொண்டிருப்பான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். மாணவி ஜெர்மானியரைப் புகழ்ந்ததால் யாருக்கு என்ன கேடு? இன்று கேடில்லை. ஆயின் அதே ஊரில், அதே தெருக்களில், 1936ஆம் ஆண்டுக் கோடையில் தங்கிய ஓர் அயல்நாட்டு மாணவனை எண்ணிப் பாருங்கள். அந்நாளிலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் இளைஞர்கள் ஜெர்மானியப் பல்கலைக்கழக நகரங்களுக்குக் கோடையில் வந்து மொழி பயின்றனர். அன்றும் தெருக்கள் தூய்மையாக இருந்தன. வண்டிகள் நேரத்திற்கு வந்தன. வீட்டு அம்மையார்கள் விருந்தினரை அன்போடு உபசரித்தனர். அவ்வன்பு நடிப்பு என்று நான் கூறவில்லை. உண்மையான அன்பாகவே இருந்திருக்கும், சிக்கலே அதுதான். ஆட்சியில் இருந்ததோ நாஜிக் கட்சி. யூதப் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கும் பணி 1933லேயே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஹைடல்பர்க்கின் பல்கலைக்கழக வெளியில் மாணவர்களே நூல்களைக் குவித்து எரித்தனர்.

அவ்வெளியில் புதிய பல்கலைக்கழகம் எனப்படும் கட்டடம் நிற்கின்றது. ஜெர்மனியில் அமெரிக்கத் தூதராக இருந்தவரும் தம் இளமையில் ஹைடல்பர்க்கில் பயின்றவருமான ஷுர்மன் என்பவர் அமெரிக்கரிடம் திரட்டிய நன்கொடையால் எழுந்தது அது. 'உயிர்ப்புள்ள உள்ளத்திற்கு' என்னும் பொருள்பட ஒரு தொடரை அதன் வாயிலின்மேல் பொறித்தனர். அத்தொடரை ஆக்கித் தந்தவர் குண்டோல்ஃப் என்னும் பேராசிரியர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஒரே ஒரு சொல்லை மாற்றினர். அது 'ஜெர்மானிய உள்ளத்திற்கு' என்றாயிற்று. போருக்குப் பின்னர்ப் பழைய தொடர் மீண்டும் இடம்பெற்றது. 1936இல் அவ்வாயிலின்கீழ் நின்று அந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்த மாணவன் என்ன கண்டிருப்பான்? அழகிய கட்டடத்தில் அழகிய எழுத்தைக் கண்டிருப்பான். ஒரு சொல் அங்கிருந்து அகற்றப்பட்டதை அவன் எங்ஙனம் காண்பான்? அகற்றப்பட்ட பேராசிரியர் வகுப்பில் இல்லை என்பதைத்தான் எங்ஙனம் காண்பான்?

நம் முன்னோர் அறிவைப் பெறும் வழிகளை அளவைகள் என்றனர். மணிமேகலையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவம் ஒன்று. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிலும் அஃது இடம்பெறும். அபாவம் என்பது இன்மையை அறிதல். நிலத்தில் குடம் இல்லை என்பது தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. வெறும் நிலத்தைப் பார்ப்பவன் நிலத்தை மட்டுமே காண்கின்றான். அங்கே குடம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கே, குடம் இல்லை என்பது தெரியும். ஆகவே இன்மையை அறிய முன்னறிவு வேண்டும்; முன்னறிவு பெறக் காலம் வேண்டும். குறுகிய காலம் தங்கும் மாணவனிடம் இல்லாதது அறிவுக் கூர்மையன்று. இந்த ஓர் அளவையே. இருப்பதையெல்லாம் உள்ளூராரினும் கூர்ந்து காண்கின்றான். இல்லாமற் போனவற்றுள் ஒன்றையும் காணான். ஒரு நாட்டில் நிகழும் கொடுமையோ பெரும்பாலும் இல்லாமற் போனவற்றில்தான் பதிந்து கிடக்கின்றது.

டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின அறிஞரின் வாழ்வு இதனை நன்கு விளக்கும். 1892ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், பெர்லினில் உயர்கல்வி பயிலச் சென்ற அவர், அதற்கு முன்னர் அவ்வாண்டுக் கோடையை ஐசெனாக் என்னும் சிற்றூரில் ஒரு குடும்பத்தாரோடு தங்கி ஜெர்மன் மொழி கற்பதில் கழித்தார். தாய்நாட்டில் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணுதல் அவர் இனத்தார்க்கு அரிதாக இருந்த காலம் அது. அந்தக் கோடையில் அவர் நிறம் பார்க்கப்படாமல் மனிதராக மதிக்கப்பட்டார். அந்நன்றியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. தம் வரலாற்றில் அன்போடு எழுதியிருக்கின்றார்.

அதே டு போய்ஸ் 1936இல் மீண்டும் ஜெர்மனி சென்று பல மாதங்கள் தங்கினார். அப்போதும் அவரிடம் யாரும் இழிவாக நடந்துகொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த மரியாதையைப் 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழில் மறைக்காமல் எழுதினார். அத்துடன், யூதர்மீது நிகழும் கொடுமை தாம் அதுவரை கண்டவற்றையெல்லாம் விஞ்சியது என்றும் எழுதினார். இன ஒதுக்கலைத் தம் உடலாலேயே அறிந்த ஒருவர் அவ்வாறு எழுதியது எளிய செய்தியன்று. கடுமையான பகுதிகளை அந்நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே வெளிவரச் செய்தார். சிலர் இதனை அச்சம் என்பர். நான் அறிவுடைமை என்பேன். தமக்குக் கிடைத்த மரியாதை வேறு, நாட்டின் நிலை வேறு என இரண்டையும் இரு தட்டுகளில் வைத்து நிறுக்க அவரால் முடிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மனியை அறிந்திருந்தமையால், குடம் இல்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

கதை இத்துடன் முடிந்தால் நமக்கு ஒரு பெருமகன் கிடைத்திருப்பார், பாடம் கிடைத்திருக்காது. அதே பயணத்தில், அதே ஆண்டின் இறுதியில், அவர் மஞ்சூரியாவுக்குச் சென்றார். ஜப்பான் அந்நிலத்தை 1931இல் கைப்பற்றி மஞ்சுகோ என்னும் பெயரில் ஆண்டு வந்தது. அங்கே அவர் தங்கியது சில நாள்களே. சீன மொழியும் அறியார். ஜப்பானிய மொழியும் அறியார். தென் மஞ்சூரிய இரயில்வேயின் தலைவர் மட்சுவோக்கா முதலிய பெரியோரைச் சந்தித்தார். திரும்பியபின், அங்கே நிற வேற்றுமை பாராட்டாத ஆட்சி நடப்பதாகப் புகழ்ந்து எழுதினார். அவ்வாட்சியின்கீழ் நசுங்கிய சீனர் அவர் எழுத்தில் இல்லை. ஜெர்மனியில் கண் திறந்திருந்தவர் மஞ்சூரியாவில் கண் மூடிக்கொண்டாரா? இல்லை, இரண்டு இடங்களிலும் அவர் கண் ஒன்றுதான். ஓரிடத்தில் பழைய அறிவும் பல மாதங்களும் இருந்தன. மற்றோரிடத்தில் வரவேற்பு மட்டுமே இருந்தது. அப்படையின் ஆட்சி எத்தகையது என்பதைச் சில ஆண்டுகளுக்குள் மலாயாத் தமிழர் அறிந்தனர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். இத்துணைப் பெரிய அறிஞரையே சில நாள் விருந்து வழுக்கச் செய்யுமாயின், இருபது வயது மாணவரின் நிலையைக் கூற வேண்டுமோ?

பிறர் நாட்டைக் காணும் நாமும் ஒருகாலத்தில் காணப்பட்டவர்கள்தாம். 1936 டிசம்பரில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து, சில வாரங்களில் தோட்டங்களைப் பார்வையிட்டார். 1937இல் அவர் அறிக்கை வெளிவந்தது. சொல்லாற்றலும் நல்லெண்ணமும் மிக்கவர் அவர். பொருளாதார மந்தத்தின்போது குறைக்கப்பட்ட கூலியை உயர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது உண்மை. எனினும் தொழிலாளர் நிலை பொதுவாக நன்றே என்னும் தொனி அவ்வறிக்கையில் மேலோங்கியிருந்தது. மலாயா இந்தியத் தலைவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலிக் கோரிக்கையோடு மற்றொன்றும் அதில் இருந்தது: துரைமாரையும் தோட்ட அலுவலரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. துரையின் மோட்டார் வண்டியில் அமர்ந்து செம்மண் சாலையில் செல்லும் ஒரு விருந்தினரை எண்ணிப் பாருங்கள். எதிரே வரும் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்கின்றான். விருந்தினர் அதைக் காணாமல் இல்லை. என்ன பணிவு, என்ன பண்பு என்று மகிழ்ந்திருப்பார். இறங்கி நிற்பவனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அறிய அவர் லயத்தில் ஓர் ஆண்டேனும் குடியிருந்திருக்க வேண்டும்.

அப்படியாயின் நான்கு வார மாணவன் வாய்மூடிக் கிடக்க வேண்டும் என்பதா? "நான் சில நாள்தானே இருந்தேன், எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்வோரும் உண்டு. அடக்கம்போல் தோன்றும் இம்மௌனமும் பல வேளைகளில் நன்றிக்கடனின் மறுவடிவமே. 1936ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் தன் 550ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் செல்லவில்லை. ஹார்வர்டும் கொலம்பியாவும் பேராளர்களை அனுப்பின. போகாதவர்கள் பேசாமலே பேசினார்கள். போனவர்கள் உண்டு, கைகுலுக்கி, ஒன்றும் பேசாமல் திரும்பினாலும் அதுவும் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே விருந்தினனுக்கு மௌனத்தால் விடுதலை கிடைப்பதில்லை. எதிர்ப்புறப் பிழையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இரயிலில் ஒருவன் இகழ்ந்தான் என்று அந்நாட்டையே இனவெறி நாடு என்று திரும்பி வந்து கூறும் மாணவனும் அதே பாய்ச்சலைத்தான் பாய்கின்றான்.

பேச வேண்டும், கண்ட அளவுக்குப் பேச வேண்டும். "என்னை ஏற்றுக்கொண்ட அம்மையார் அன்பானவர்" என்பது முழு உண்மை. இதில் நன்றி குறைகின்றதா என்றால், கூடவே செய்கின்றது. ஜெர்மானியர் அனைவரும் அன்பானவர் என்றால், அந்த அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பருகில் நின்று பருப்புச் சாறு சமைத்தது அவருடைய தனிச் செயலாகாது, நாட்டு வழக்கமாகிவிடும். நாட்டைப் புகழப் புகழ, அவருக்கு உரிய புகழ் அவரிடமிருந்து பறிக்கப்படுகின்றது. நன்றி எப்போதும் பெயர் சொல்லி ஒருவருக்கே செலுத்தத் தக்கது. இதனை உணர்ந்துவிட்டால், செய்ந்நன்றிக்கும் நடுவுநிலைக்கும் இடையே நாம் அஞ்சிய பகை பெரும்பகுதி தீர்ந்துவிடுகின்றது. நம் பள்ளிகளில் பயணக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, பண்பு குறிக்கும் அடைமொழிகளுக்கு மதிப்பெண் வழங்குகின்றோம். 'கண்டேன்', 'கேட்டேன்', 'என்று கூறுகின்றனர்' என்னும் வினைமுடிபுகளின் வேறுபாட்டிற்கு மதிப்பெண் வழங்கினால் நன்றாக இருக்கும்.

அந்த மாணவியிடம் பின்னர்த் தனியே பேசியபோது மேடையில் கூறாத ஒன்றைக் கூறினாள். அவ்வூர்த் தெருக்களில் சில வீடுகளின் முன் நடைபாதையில் பத்துச் சென்டிமீட்டர் அளவுள்ள பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் தொடங்கிய பணி அது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அக்கற்கள் உள்ளன. அவ்வீட்டில் வாழ்ந்து நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவரின் பெயரும் பிறந்த ஆண்டும் நேர்ந்த முடிவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அபாவத்தைக் கல்லாக்கிக் காலடியில் வைத்திருக்கின்றனர். இரண்டு வாரம் அதன்மேல் நடந்தபின் ஒருநாள் குனிந்து படித்தாளாம். அன்றிரவு உணவின்போது அம்மையாரிடம் கேட்டாளாம். அவர் நெடுநேரம் பேசினார். பாதிதான் தனக்குப் புரிந்தது என்றாள். மேடையில் இதை ஏன் கூறவில்லை என்று கேட்டேன். அவ்வளவு நல்லவரைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்வது முறையன்று என்று தோன்றியதாம்.

பாதிதான் புரிந்தது என்பதையும் நான் எளிதாகக் கடந்துவிடவில்லை. எம்மொழிப் பாடநூலிலும் முதல் வாரத்தில் வணக்கம், நன்றி, உணவு சுவையாக இருந்தது என்பன வந்துவிடுகின்றன. நான்காம் வார முடிவில்கூட, "நான் அவ்வாறு எண்ணவில்லை" என்று மரியாதை குன்றாமல் சொல்லும் தொடர் பெரும்பாலும் வருவதில்லை. அந்த மேசையில் வீட்டுத் தலைவர் அண்டை வீட்டாரின் இனத்தை இழித்துப் பேசினால் விருந்தினன் என்ன செய்வான்? புன்னகை செய்வான், அவனிடம் உள்ள சொற்களுக்கு அதுதான் எல்லை. தமிழைப் பிறமொழியாளர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே சிலர் உள்ளனர். அவர்தம் நூல்களில் அத்தொடர் எத்தனையாவது பாடத்தில் வருகின்றது என்று புரட்டிப் பார்க்கலாம்.